தக்காளி கனியா, காய்கறியா?



"அரைக் கிலோ தக்காளிப் பழம் வாங்கி வா" என்று வீட்டிலே அன்னை சொல்லி அனுப்புகிறாள். கடைக்குச் சென்றால், அந்தப் பழம் வாழையோடும் கொய்யாவோடும் இருப்பதில்லை. கத்தரிக்கும் வெண்டைக்கும் நடுவே குவிந்து கிடக்கிறது. பழம் என்று பெயர் சொல்லி, காய்கறிக் கடையிலே வாங்கி, குழம்பிலே இடுகிறோம். அவ்வாறாயின் தக்காளி கனியா, காய்கறியா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. என் ஆசிரியப் பணியிலே நான் இழைத்த ஒரு தவற்றுக்கும் இதுவே காரணமாயிற்று. அவ்விரண்டையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலிலே தாவர நூலார் கூறுவதைக் கேட்போம். மலரின் நடுவே சூற்பை என்றோர் உறுப்பு உண்டு. அதனுள்ளே சூல்கள் இருக்கின்றன. மகரந்தம் சேர்ந்து கருவுற்ற பின்னர்ச் சூல்கள் விதைகளாகின்றன. சூற்பை பருத்து வளர்ந்து கனியாகின்றது. அது இனிக்குமா, புளிக்குமா, பச்சையாகத் தின்பதா, வேகவைத்து உண்பதா என்பன பற்றித் தாவர நூலுக்குக் கவலையில்லை. தக்காளி ஒன்றைக் குறுக்கே அரிந்து பாருங்கள். அறை அறையாகப் பிரிந்து, சாற்றிலே தோய்ந்து, விதைகள் இருப்பதைக் காண்பீர்கள். ஆகவே தக்காளி ஐயத்துக்கிடமின்றி ஒரு கனியே. அதிலும், உட்பகுதி முழுவதும் சதைப்பற்றாக அமைந்த 'பெர்ரி' என்னும் வகையைச் சேர்ந்தது.

இவ்விலக்கணத்தை ஒப்புக்கொண்டால் அதன் முடிவுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தரி, மிளகாய், வெண்டை, வெள்ளரி, பூசணி, அவரை ஆகிய அனைத்தும் கனிகளே. மாறாக, நாம் முந்திரிப் பழம் என்று சுவைக்கின்ற சதைப்பகுதி உண்மைக் கனியன்று. அது பருத்துப்போன மலர்க்காம்பு. அதன் நுனியிலே தொங்கும் கொட்டைதான் கனி. மேலும், தாவர நூலிலே 'காய்கறி' என்றோர் உறுப்பே கிடையாது. வேர், தண்டு, இலை, மலர், கனி, விதை என்பனவே உண்டு. காய்கறி என்பது சமையலறையிலே பிறந்த சொல்.

இனி நீதிமன்றத்துக்குச் செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1883-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சுங்கச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறிகளுக்கு நூற்றுக்குப் 10 வீதம் வரி விதித்தது. பழங்களுக்கு வரி இல்லை. 1886-ஆம் ஆண்டு நிக்ஸ் என்னும் வணிகக் குடும்பத்தார் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க்குத் துறைமுகத்துக்குத் தக்காளியை வரவழைத்தனர். துறைமுகச் சுங்க அதிகாரியாகிய எட்வர்ட் ஹெடன், அதனைக் காய்கறி என்று கொண்டு வரி வாங்கினார். நிக்ஸ் குடும்பத்தார் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே வரியைச் செலுத்தினர். பின்னர், தக்காளி கனியாதலால் அப்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 1887-இலே வழக்குத் தொடுத்தனர்.

வழக்கு நடந்த முறை சுவையானது. வணிகர் தரப்பு வழக்கறிஞர் அகராதிகளை எடுத்துவந்து, 'கனி', 'காய்கறி', 'தக்காளி' என்னும் சொற்களுக்குரிய பொருளைப் படித்துக் காட்டினார். எதிர்த்தரப்பினர் அதே அகராதியைத் திறந்து பட்டாணி, கத்தரி, வெள்ளரி ஆகியவற்றுக்குரிய பொருளைப் படித்தனர். உடனே வணிகர் தரப்பினர் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட்டு ஆகியவற்றைப் படித்தனர். முப்பது ஆண்டுக்காலம் பழமும் காய்கறியும் விற்றுப் பழகிய வணிகர் இருவரும் சாட்சி கூறினர். அச்சொற்களுக்கு வாணிகத்திலே தனிப்பட்ட பொருள் ஏதும் இல்லை என்பதே அவர்களுடைய சாட்சியத்தின் சாரம்.

1893-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் நீதிபதி ஹோரஸ் கிரே. தாவர நூலின்படி தக்காளி கனியே என்பதை அவர் மறுக்கவில்லை. வெள்ளரியும் அவரையும் பட்டாணியும் அவ்வாறே கனிகள்தாம் என்றும் எடுத்துக்காட்டினார். ஆயினும் சுங்கச் சட்டம் விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் உரியது. அதிலுள்ள சொற்களை மக்கள் வழங்கும் பொருளிலேயே கொள்ளவேண்டும். மக்கள் தக்காளியை உணவின் இறுதியிலே இனிப்புப் பண்டமாக உண்பதில்லை. சாறு, மீன், இறைச்சி ஆகியவற்றோடு சேர்த்தே உண்கிறார்கள். ஆதலின் வரி விதிப்பதற்கு அது காய்கறியே என்று முடிவு செய்தார். நிக்ஸ் குடும்பத்தார் தோற்றனர்.

நோக்கம் மாறினால் பகுப்பும் மாறும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலம் 1987-ஆம் ஆண்டு ஒரு வகைத் தக்காளியைத் தன் மாநிலக் கனியாகவும் மாநிலக் காய்கறியாகவும் ஒருங்கே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ஆம் ஆண்டு வகுத்த ஜாம் பற்றிய விதிகளிலோ, தக்காளியேயன்றிக் காரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூடக் கனியாகக் கருதப்பட்டன. வேரும் கனியாகும் விந்தையைப் பாருங்கள்!

நம் தமிழ் மொழி இதனை வேறொரு வகையிலே அணுகுகிறது. காய் என்பதும் பழம் என்பதும் ஒரே பொருளின் இரு பருவங்கள். மாங்காய்தான் மாம்பழமாகிறது. இன்றும் கடைக்காரர் தக்காளியைக் காய், செங்காய், பழம் என்று பருவம் பார்த்தே பிரிக்கிறார். தென் அமெரிக்காவிலே தோன்றி, மெக்சிகோ வழியாக ஐரோப்பாவை அடைந்து, அதன் பின்னரே இச்செடி இங்கு வந்தது. தக்காளி என்னும் பெயர் முன்பே இங்குள்ள ஒரு சிறு செடிக்கு உரியதாக இருந்தமையால், புதிதாக வந்ததைச் சீமைத்தக்காளி என்றனர்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டு, நான் பணியிலே சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்விலே, சில பொருள்களைக் கனி, காய்கறி எனப் பிரிக்குமாறு வினா அமைத்திருந்தேன். ஒரு மாணவன் தக்காளி, கத்தரி, வெள்ளரி மூன்றையும் கனி என்று எழுதியிருந்தான். நான் அதனைச் சிவப்பு மையால் அடித்தேன். அவன் பெற்றது 34 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். விடைத்தாளைக் கொடுத்தபோது அவன் எழுந்து, "ஐயா, பூவின் சூற்பையிலிருந்து வருவது கனி என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டான். "அப்படியானால் உன் வீட்டிலே கத்தரிப் பழக் குழம்புதான் வைப்பார்களோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அன்று மாலையே பாடநூலைப் புரட்டினேன். அவன் கூறியது சரி என்று கண்டேன். மறுநாள் வகுப்பிலே அதனைச் சொல்லியிருக்கலாம். ஆசிரியர் என்ற செருக்குத் தடுத்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பிலே மற்றொரு வினாக் கேட்கவேயில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் அமெரிக்க வழக்கைப் படித்தபோதுதான் என் பிழையின் வடிவம் எனக்கு முழுமையாக விளங்கிற்று. நீதிபதி கிரே, சந்தைக்கான சட்டத்தைச் சந்தையின் அளவுகோலால் அளந்தார். அது முறை. நானோ, தாவர நூலைக் கற்பித்துவிட்டுச் சந்தையின் அளவுகோலால் மதிப்பெண் இட்டேன். அது முறையன்று.

மாணவர்களே, இது எது என்று ஒருவர் கேட்டால், எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். உங்களுக்கு விடை பிழை என்று தோன்றினால், பணிவோடு எழுந்து வினவுங்கள். பிறர் சிரித்தாலும் வினவுவதை விட்டுவிடாதீர்கள். அந்த மாணவனுக்கு இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். இவ்வுரையை அவன் எங்கேனும் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒன்று சொல்வேன்: தம்பி, உன் விடை சரி. உனக்கு உரிய மதிப்பெண் 35-க்கும் மேல்.