பெட்டியைத் தூக்கு, மூக்கைத் தூக்காதே

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்போது எந்த விழாவுக்குப் போனாலும் மேடையின் இரண்டு பக்கமும் எல்.இ.டி. சுவர் நிற்கிறது. மஞ்சள் நீராட்டா, எல்.இ.டி. சுவர். பள்ளி ஆண்டு விழாவா, எல்.இ.டி. சுவர். பளபளவென்று இருக்கிறது, பட்டப்பகலிலும் தெரிகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்கும் அறுபது விவசாயிகள் கூடும் ஊர்க் கூடத்துக்கும் அது எதற்கு? வண்டி வைத்துக் கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து மாட்டி, ஜெனரேட்டர் ஓட்டிச் செய்யும் வேலையை ஒரு தோள்பைக்குள் அடங்கும் புரொஜெக்டரும் ஒரு மடிக்கணினியும் செய்துவிடும். ஒழுங்காக வைத்தால் செய்துவிடும். ஒழுங்காக வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தப் பகுதிக்குக் கணினி வந்த கதையை நேயர்கள் பலர் நேரில் பார்த்தவர்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் கணினி இருந்தது கோயில் வளாகத்து அறையில். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து இறக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. ஒரு திரை, அதன் முன் ஒரு நாற்காலி, ஆனால் சேதி வேண்டியவர்களோ ஊர் முழுக்க. அதனால்தான் ஒலிபெருக்கி. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி நல்லவாடு மீனவக் கிராம மக்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியதும் அந்த ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கிதான். கிராமத்துக் கணினி என்றைக்குமே ஒருவருக்கான பொருளாக இருந்ததில்லை. காதுக்கு ஒலிபெருக்கி எப்படியோ, கண்ணுக்குப் புரொஜெக்டர் அப்படி.

தொலைக்காட்சி மாதிரி பெரிய தொடுதிரைப் பலகை வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 அங்குலப் பலகையின் உயரம் சுமார் 93 சென்டிமீட்டர். எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க வேண்டுமென்றால் கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பழகிவந்த அளவு. அப்படியானால் ஐந்தரை மீட்டர். அதற்குப் பின்னால் உட்கார்ந்த பையன் பலகையில் எழுத்து இருக்கிறது என்பதை மட்டும் அறிவான். இரண்டரை மீட்டர் அகலத்துக்குச் சுவரில் விழும் புரொஜெக்டர் படமோ ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். கடைசி வரிசை ஒன்பது மீட்டரில் இருந்தாலும் படிக்கலாம்.

இனி, இந்தப் பேச்சின் நாயகர். வில்லியனூர்ப் பக்கம் ஒலி-ஒளிச் சாமான் வாடகைக்கு விடுபவர் அவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அண்ணன் என்றே சொல்லிவிடலாம். ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டிய காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். அவருடைய பையில் புரொஜெக்டர் இருக்கும், ஒயர்கள் இருக்கும், கூடவே ஒரு சணல் கயிறும் இருக்கும். இதைப் பேசுகிறவர் பார்த்த புரொஜெக்டர் வித்தைகளில் அந்தக் கயிற்றுக்கு நிகரானது எதுவும் இல்லை.

அண்ணன் கூடத்துக்குள் வந்ததும் மின்சாரப் பலகையைத் தேட மாட்டார். திரையின் அகலத்தைக் கயிற்றால் அளப்பார். அந்த அகலத்தோடு இன்னொரு பாதி சேர்ப்பார். அந்தத் தூரத்தில் மேசை. மேசைமேல் வைக்கும் சாதாரண புரொஜெக்டர்கள் பலவற்றில் படத்தின் அகலத்துக்கும் பெட்டியின் தூரத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்றரையை ஒட்டி இருக்கும். இரண்டு மீட்டர் படத்துக்கு மூன்று மீட்டர் தூரம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் வில்லையின் ஜூம் வளையம் பார்த்துக்கொள்ளும். சுவரை ஒட்டியே வைக்கும் குறுந்தூர வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்து கயிற்றின் ஒரு முனையை வில்லையின் பக்கம் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் திரையின் இடது கீழ்மூலைக்கு இழுப்பார். பிறகு வலது கீழ்மூலைக்கு. இரண்டும் ஒரே நீளமாக வரும்வரை மேசையை நகர்த்துவார். வந்துவிட்டால் பெட்டி திரையின் நட்ட நடுவுக்கு நேர் எதிரே இருக்கிறது என்று அர்த்தம். இத்தனையும் மின்சாரமே போடாமல்.

பிறகுதான் உயரம். இங்கேதான் ஊரில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியைத் தாழ்வான ஸ்டூலில் வைத்து, முன்பக்கத்துத் திருகுக் காலை முழுக்க வெளியே திருகி, மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிவிடுவார்கள். ஒளி சாய்ந்து மேலே போகும். படத்தின் மேல்பக்கம் அகன்று, கீழ்பக்கம் குறுகி நிற்கும். உடனே கீஸ்டோன் பொத்தானை அழுத்துவார்கள். படம் மறுபடி நீள்சதுரமாகிவிடும். எல்லாருக்கும் நிம்மதி. அண்ணனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னது அப்படியே இதுதான்: “சார், பெட்டியத் தூக்குங்க, மூக்கத் தூக்காதீங்க.”

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது பெட்டிக்குள்ளே இருக்கிறது. 1280-க்கு 800 என்று எழுதியிருக்கும் புரொஜெக்டரில் பத்து லட்சத்துச் சொச்சம் ஒளிப்புள்ளிகள் உண்டு. கீஸ்டோன் பொத்தான் ஒளியை நிமிர்த்துவதில்லை. அகன்றுபோன பக்கத்தில் புள்ளிகளை அணைத்துப் படத்தைச் சுருக்குகிறது, அவ்வளவே. புள்ளிகள் குறைகின்றன, வெளிச்சம் குறைகிறது, மிச்சமிருக்கும் புள்ளிகளில் எழுத்து கசங்கி உட்காருகிறது. ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்து தாங்காது. ஞ, ணை, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கி மறையும். ‘கல்வி’ என்ற தலைப்பில் அந்த ஒரு புள்ளி போய்விட்டால் என்ன ஆகும் என்பதை வானொலியில் விளக்க வேண்டியதில்லை. கல்வி அதிகாரி ஒருவர் முன்வரிசையில் இருந்த கூட்டத்தில் அது நடந்தது.

அதனால் திரும்பச் சொல்கிறோம், பெட்டியைத் தூக்குங்கள், மூக்கைத் தூக்காதீர்கள். மேசைப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் படம் வில்லையின் மட்டத்திலிருந்து மேல்நோக்கி விழும்படி செய்யப்பட்டவை. ஆகவே திரையின் கீழ்விளிம்பு எந்த உயரமோ, ஏறத்தாழ அந்த உயரத்துக்கு வில்லை வரட்டும். பெஞ்சின் மேல் பெஞ்சு போடலாம். பாண்லே பால் கிரேட் இரண்டைக் கவிழ்த்துப் போடலாம், ஆடாமல் இருந்தால் சரி. கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் கணக்கும் தலைகீழ், திரையின் மேல்விளிம்பு மட்டத்தில் வில்லை. திருகுக் கால் ஒரு நூல், இரண்டு நூல் சரிசெய்வதற்குத்தான்.

படக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் நூற்றாண்டுக்கு மேல் வரலாறு உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் வாங்கி, வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். வடமேற்கே பெஷாவர் வரை போய்ப் படம் காட்டியவர். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ஒவ்வொரு ஊரிலும் புதிய மைதானம், புதிய திரை. கருவியை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தினம் தினம் கண்டுபிடிக்க வேண்டிய தொழில். அவரிடம் கீஸ்டோன் பொத்தான் இல்லை.

அடுத்த சங்கதி வெளிச்சம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் உள்ளங்கைப் புரொஜெக்டர்கள் ஒன்பதாயிரம் லூமென், பன்னிரண்டாயிரம் லூமென் என்று கூசாமல் போட்டுக்கொள்கின்றன. நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது அன்சி லூமென். திரையை ஒன்பது பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒளியை அளந்து, சராசரி எடுத்துச் சொல்லும் எண் அது. வகுப்பறைக்கு அந்தக் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கட்டும். அப்படியும் பகலில் சன்னல் திறந்திருந்தால் படம் வெளுத்துத்தான் தெரியும். கறுப்பு வெளிச்சம் என்று எந்தப் பெட்டியாலும் பாய்ச்ச முடியாது. படத்தில் கறுப்பாகத் தெரிவது, ஒளி படாத சுவரின் சொந்த நிறம். திரைக்குப் பக்கத்துச் சன்னலுக்கு ஒரு போர்வை, திரைக்கு மேலே எரியும் டியூப்லைட் மட்டும் அணைப்பு. இவ்வளவு போதும், கூடம் முழுக்க இருட்டாக வேண்டாம். இருட்டில் பாடம் நடந்தால் பிள்ளைகள் தூங்குவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. திரைக்கு, அச்சடிக்காத வெள்ளை ஃப்ளெக்ஸ் துணி இந்தப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது. நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினால் வேட்டியைவிட நூறு மடங்கு மேல். வேட்டியின் இழை வழியே பாதி வெளிச்சம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

நிறத்தைப் பற்றிப் பேசினால் பாகூர் நெல் விவசாயிகளைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய ஊர், இலையின் மஞ்சளைப் பார்த்தே வியாதி சொல்பவர்கள். அங்கே ஒரு கூட்டத்தில் பாக்டீரியா இலைக்கருகல் படத்தைப் போட்டபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, இது கருகல் இல்ல, கடுகு கலரா இருக்கே, என்ன பயிரு இது?” என்று கேட்டார். பயிர் சரிதான், பெட்டிதான் கோளாறு. அந்தப் பெட்டி டி.எல்.பி. வகை. 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லின் வழி வந்தது. லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் அசைந்து ஒளியைத் திருப்ப, முன்னால் ஒரு நிறச் சக்கரம் சுழலும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட, பல மாதிரிகளில் அந்தச் சக்கரத்தில் நிறமில்லாத ஒரு துண்டையும் வைத்துவிடுகிறார்கள். வெள்ளை பளிச்சிடும், மஞ்சள் கடுகாகிவிடும். ‘பிரைட்’ பயன்முறையிலிருந்து ‘சினிமா’வுக்கோ ‘எஸ்.ஆர்.ஜி.பி.’க்கோ மாற்றினால் வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், மஞ்சள் மஞ்சளாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனித் தகடு வைத்த மூன்று எல்.சி.டி. வகையில் இந்தத் தொல்லையே இல்லை. பயிர், பூச்சி, மண் காட்டுகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது இதைப் பேசுகிறவரின் பிடிவாதம். டி.எல்.பி.யின் ஆதரவாளர்கள் கடிதம் எழுதலாம்.

கணினிப் பக்கத்தில் சொல்ல அதிகம் இல்லை. ஒயரை மாட்டி, புரொஜெக்டரை முதலில் போட்டு, பிறகு கணினி. விண்டோஸ் பொத்தானோடு ‘பி’யை அழுத்தினால் நாலு வழி காட்டும். இரண்டு திரையிலும் ஒரே படம் வேண்டுமென்றால் ‘டூப்ளிகேட்’, பேசுகிறவருக்குக் குறிப்பும் கூட்டத்துக்குப் படமும் தனித்தனியே வேண்டுமென்றால் ‘எக்ஸ்டெண்ட்’. கணினியின் திரை அளவைப் புரொஜெக்டரின் சொந்தப் புள்ளிக் கணக்குக்கு மாற்றுங்கள், 1280-க்கு 800 என்றால் அதே எண். ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் படத்தோடு சத்தமும் புரொஜெக்டருக்குப் போய்விடும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் முனகும், கூடத்து ஆம்ப்ளிஃபயர் ஊமையாக நிற்கும். சத்தம் போகும் வழியைக் கணினியில் மாற்ற வேண்டும். கணினி, புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால், படத்தில் ஓடும் பட்டையும் ஸ்பீக்கரின் ‘ம்’ என்ற இரைச்சலும் பெரும்பாலும் போய்விடும். வாட்ஸ்அப்பை மூடிவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

தமிழில் தயாரித்தவர்களுக்கு இன்னொன்று. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் வேறு கணினியில் திறந்தால் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடியுங்கள், பி.டி.எஃப். பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அளவு 32-க்குக் குறையாமல்.

கடைசியாக விளக்கு. உயர் அழுத்தப் பாதரச விளக்கு போட்ட பெட்டியின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். வேலை முடிந்ததும் விசிறி தானாக நிற்கும்வரை மின்சாரத்தைப் பிடுங்கக் கூடாது. திடீரென்று மின்சாரம் போகும் ஊரில் ஒரு யு.பி.எஸ். வைத்தால், விசிறி ஓடி விளக்கு ஆறும். லேசர் வகைக்கு இருபதாயிரம் மணி நேரம் சொல்கிறார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. எந்த வகையானாலும் வாங்கியதோடு செலவு முடிவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அந்த ஊர் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்தது. படிப்புக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கு மானியத்தில் பெட்டி வருகிறது, மாற்று விளக்குக்கு ஒதுக்கீடு வருவதில்லை. பீரோவில் பூட்டிக் கிடக்கும் புரொஜெக்டர்களைத் திறந்து பார்த்தால், பலவற்றில் விளக்கு ஒன்றுதான் செத்திருக்கும். புதுப் பெட்டிக்கு மனு எழுதும் முன் விளக்கின் விலையை விசாரிக்கலாம். காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டலாம். மறுபடி பூட்டி வைப்பதானால் ரிமோட்டிலிருந்து பேட்டரியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார் அண்ணன். கடற்கரைக் காற்றில் அது கசிந்து, அடுத்த ஆண்டு விழாவுக்கு ரிமோட் உதவாமல் போகுமாம்.