துலக்கும் நீரிலும் அறம்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு விழாவில் அகிம்சையைப் பற்றி இம்மேடையில் முக்கால் மணிநேரம் பேசினேன். முடித்ததும் உணவுக்கூடத்தின் பின்புறம் கை கழுவச் சென்றேன். அங்கே கூலிக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரின் விரலிடுக்குகள் வெடித்துச் சிவந்திருந்தன. "சோப்புத் தண்ணி பட்டா எரியுதுங்கய்யா" என்றார். அவர் கொட்டிய நுரைநீர் வாய்க்கால் வழியே குளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் உரை அந்தக் கைகளுக்கும் எட்டவில்லை, அந்தக் குளத்துக்கும் எட்டவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

நாம் நீரை வடிகட்டிப் பருகும் மரபினர். வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே மீண்டும் சேர்ப்பித்தவர்கள் நம் முன்னோர். உள்ளே வரும் நீருக்கு அத்துணைக் கருணை காட்டிய நாம், வெளியே விடும் நீரைப் பற்றி எண்ணினோமா? நிலத்தையும் நீரையும் வீணே துன்புறுத்தாமை அனர்த்த தண்ட விரதத்தின்பாற்படும். அது இல்லறத்தார்க்கு வகுத்த குணவிரதம்.

பாத்திரம் துலக்கும் பொருள் எண்ணெய்ப்பசையைப் பிரிக்கும். பாத்திரத்தின் பசை எது, தோலைக் காக்கும் இயற்கைப் பசை எது என்று அது அறியாது. கடுமையானதாயின் இரண்டையும் அகற்றிவிடும். சாம்பலும் காரமே, பழையது என்பதனால் மட்டும் ஒன்று மென்மையானதாகிவிடாது.

பூந்திக்கொட்டையை நம் இல்லங்கள் நன்கறியும். அதன் தோலிலுள்ள சப்போனின் என்னும் பொருளே நுரை தருவது. விதை நீக்கிய தோல் பத்துப் பதினைந்தை அரை லிட்டர் நீரில் அரைமணி நேரம் காய்ச்சி, ஆறியபின் கசக்கி வடிகட்டினால் துலக்கும் நீர் ஆயத்தம். நுரை குறைவு, ஆயினும் அழுக்கு நீங்கும். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் தவிட்டால் துடைத்துவிடுதல் நன்று. கண்ணில் படாமல் காத்தல் வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள் கூறுவேன். முதலாவது, சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. இக்காயை நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே கழுவிய நீரைக் குளத்தில் விடாது வாழைப்பாத்தியில் விடுக. மண் அதனைச் செரித்துக்கொள்ளும். இரண்டாவது, பழத்தோலையும் வெல்லத்தையும் மூன்று திங்கள் புளிக்கவைத்துச் செய்யும் நொதிநீரைப் பலர் பரிந்துரைக்கின்றனர். புளிக்கப் புளிக்க நுண்ணுயிர்கள் பெருகும். இரவு கடந்த உணவையே தவிர்க்கும் நமக்கு அது ஏற்புடையதா என எண்ணுக. அன்றன்று காய்ச்சுவதே நம் நெறிக்கு இசைந்தது. மூன்றாவது, கடையில் வாங்கும்போது 'மக்கும்' என்னும் சொல்லோடு நின்றுவிடாதீர். விலங்குக் கொழுப்பாலான சோப்பும் மக்கும். மூலப்பொருள் தாவரமா என்று வினவி வாங்குக.

பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு அன்னதானத்தில் பூந்தி நீரைப் பயன்படுத்துவோம். கழிவுநீருக்குத் தோட்டத்தில் பாத்தி வெட்டுவோம். துலக்குவோர்க்குக் கையுறை அளிப்போம். இலையில் மிச்சம் வையாமல் உண்பது நம் அனைவர் பங்கு. அடுத்த ஆண்டு அந்த அம்மையாரின் கைகள் நலமுற்றிருக்கக் கண்டால், என் சென்ற ஆண்டு உரை அன்றுதான் நிறைவுற்றதாகக் கொள்வேன்.

வாழ்க அருகன் அறம்! ஜெய் ஜினேந்திரா!