ஆலைச் சங்கு ஒலித்த குட்டி நாடு

(அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது லக்ஸம்பர்க் என்ற ஒரு குட்டி நாட்டின் கதை. பூகோளப் படத்தில் தேடிப் பாருங்கள். பெயரை எழுதக்கூட அந்த நாட்டுக்குள் இடம் போதாது. பக்கத்து நாட்டின் மேல்தான் அச்சிட்டிருப்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே 82 கிலோமீட்டர். அகலம் 57 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஜெர்மனி, ஒரு பக்கம் பிரான்சு, இன்னொரு பக்கம் பெல்ஜியம். 1940ல் அங்கே இருந்த ஜனத்தொகை 3 லட்சத்துக்கும் குறைவு.

இவ்வளவு சிறிய நாட்டைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். ஹிட்லரின் பட்டாளம் ஐரோப்பாவையே மிதித்துக்கொண்டிருந்த 1942ல், துப்பாக்கி முனைக்கு எதிரே இந்த நாட்டு உழைப்பாளிகள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கதைக்குப் போகுமுன் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

963ம் ஆண்டில் சீக்பிரீட் என்ற பிரபு ஒரு பாறையை வாங்கினார். ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறை. கொடுத்தது டிரியர் நகரத்து மடாலயம்; நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டார்கள். பாறை மேல் இருந்த சிறு கோட்டையின் பெயர்தான் நாளடைவில் நாட்டின் பெயராயிற்று. அந்த வம்சத்தில் சக்கரவர்த்திகள்கூடப் பிறந்தார்கள். ஆனால் 1443ல் பர்கண்டி பிரபு கோட்டையைப் பிடித்தபின், நாலு நூற்றாண்டுக் காலம் அந்தப் பாறை கைமாறிக்கொண்டே இருந்தது. ஸ்பெயின், பிரான்சு, ஆஸ்திரியா, மறுபடி பிரான்சு, கடைசியாகப் பிரஷ்யா. வந்தவன் ஒவ்வொருவனும் கோட்டையை இன்னும் ஒரு சுற்று தடிப்பாக்கினான். கல் சுமந்தவன் மட்டும் மாறவில்லை. அவன் அதே ஊர் விவசாயிதான்.

இங்கே ஒரு செய்தி முக்கியம். 1798ல் பிரெஞ்சு சர்க்கார் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே வரிச்சுமை, மதத்தின்மீது வேறு கெடுபிடி. இப்போது பிள்ளைகளையும் கொடு என்றார்கள். வடக்கே எஸ்லிங் என்ற மலைப்பகுதி. குளிரும் கல்லும் நிறைந்த மண். அங்கே ஏழை விவசாயிகள் தடியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு திரண்டார்கள். அதனால்தான் அதற்குத் 'தடி யுத்தம்' என்று பெயர். பீரங்கியோடு வந்த பட்டாளத்தின் முன் அது நிற்கவில்லை. பிடிபட்டவர்களில் பலருக்கு மரண தண்டனை. இந்த எஸ்லிங் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அங்கேதான் வரப்போகிறோம்.

1815ல் வியன்னாவில் கூடிய மன்னர்கள் லக்ஸம்பர்க்கைத் தனி நாடு ஆக்கி, ஹாலந்து மன்னரின் மடியில் போட்டார்கள். 1839ல் அதில் மேற்குப் பாதி பெல்ஜியத்துக்குப் போயிற்று. 1867ல் பிரான்சும் பிரஷ்யாவும் இந்தக் கோட்டைக்காக முறைத்துக்கொண்டன. வல்லரசுகள் லண்டனில் கூடி, 'இந்த நாடு எந்த யுத்தத்திலும் சேராது. கோட்டையை இடித்துவிட வேண்டும்' என்று ஒப்பந்தம் எழுதின. கோட்டையை இடித்து முடிக்க 16 வருஷம் ஆயிற்று. மதில் போயிற்று, கையில் மிஞ்சியது காகிதம். காகிதம் எவ்வளவு நாள் காக்கும்?

மதிலுக்குப் பதிலாக எழுந்தவை ஆலைகள். தெற்கே சிவந்த மண்ணில் இரும்புக் கனி ஏராளம். ஆனால் அதில் பாஸ்பரஸ் கலந்திருந்ததால் நல்ல உருக்கு வராது. 1879ல் தாமஸ் என்பவர் கண்டுபிடித்த முறை வந்தபின் அந்தக் குறை நீங்கிற்று. உலையில் ஒதுங்கிய கசடைப் பொடியாக்கினால் வயலுக்கு உரம். தெற்கே தொழிலாளி உருக்கிய உலையின் கசடு, வடக்கே எஸ்லிங் மண்ணில் விளைச்சலைப் பெருக்கியது. ஆலையும் வயலும் எவ்வளவு நெருக்கம் என்று இதிலிருந்தே பாருங்கள்! சுரங்கத்துக்கும் உலைக்கும் ஆள் போதாமல் இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். அதே காலத்தில் பட்டினி தாங்காமல் உள்ளூர் விவசாயிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1914 ஆகஸ்டில் கெய்சரின் படை ரயில் பாதை வழியாகச் சாவகாசமாக உள்ளே வந்தது. ஒப்பந்தம் காகிதமாகவே இருந்தது. சர்க்கார் ஆட்சேபக் கடிதம் எழுதியது. அரச குடும்பம் அரண்மனையிலேயே இருந்தது. உருக்கு ஜெர்மனிக்குப் போயிற்று. முதலாளிக்கு லாபம், தொழிலாளிக்குப் பசி. 1917ல் சுரங்க, உருக்காலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜெர்மன் ராணுவம் புகுந்து அதை நசுக்கிற்று. ஆனால் அந்தப் போராட்டம் வீணாகவில்லை. யுத்தம் முடிந்ததும் 1918 டிசம்பரில் எட்டு மணி நேர வேலை வந்தது. 1919ல் ஆணும் பெண்ணும் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் விட்டுவிட முடியாது. 1934ல் எஷ் நகரப் பகுதித் தொழிலாளிகள் ஜெனோன் பெர்னார் என்ற கம்யூனிஸ்டைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே உட்கார விடாமல் தேர்தலே செல்லாது என்றார்கள் பெரும்பான்மைக்காரர்கள். பிறகு 1937ல் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்ய ஒரு சட்டம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டுச் சட்டம். ஜூன் 6ந் தேதி ஜனங்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். நூற்றுக்கு 50.67 பேர் வேண்டாம் என்றார்கள். மயிரிழையில்தான்! ஆனாலும் சட்டம் விழுந்தது. பிரதமர் பெஷ் ராஜினாமாச் செய்தார். பக்கத்திலே ஹிட்லர் கட்சிகளையும் சங்கங்களையும் ஒழித்துக்கட்டியிருந்த காலத்தில் கிடைத்த ஓட்டு இது. பெர்னார் பின்னால் நாஜிகளிடம் பிடிபட்டு, 1942ல் ஜெர்மன் சிறையில் உயிர் துறந்தார்.

1940 மே 10. நாஜிப் படை புகுந்தது. அரசியும் மந்திரிகளும் வெளிநாடு போய்விட்டார்கள். குஸ்தாவ் ஸீமோன் என்ற நாஜித் தலைவன் நாட்டை ஆள வந்தான். 'நீங்கள் எல்லோரும் ஜெர்மானியரே' என்றான். பிரெஞ்சு பேசக்கூடாது, பிரெஞ்சுப் பெயர் இருந்தால் மாற்றிக்கொள், பிரெஞ்சுக்காரர் பாணித் தொப்பி போடக்கூடாது! ஒரு தொப்பிக்குப் பயப்பட்ட ஆட்சி எப்படிப்பட்ட ஆட்சி? 1941 அக்டோபரில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தான். பிரஜை எந்த நாடு, தாய்மொழி எது, இனம் எது என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் 'ஜெர்மன்' என்று வரும் என்பது அவன் கணக்கு. இரகசியமாக வாய்வழியே செய்தி பரவிற்று. முன்கூட்டிச் சோதித்த தாள்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மூன்று இடத்திலும் 'லக்ஸம்பர்க்' என்றே எழுதியிருந்தார்கள். கணக்கெடுப்பையே ரத்து செய்தான்.

1942 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. 1920 முதல் 1924 வரை பிறந்த வாலிபர் அனைவரும் ஜெர்மன் ராணுவத்தில் சேரவேண்டும் என்று அறிவித்தான். யாருக்காகச் சாவது? தன் நாட்டைப் பிடித்தவனுக்காக, சோவியத் மக்களைச் சுட!

மறுநாள் திங்கட்கிழமைக் காலை. முதலில் எழுந்தது எஸ்லிங் பகுதியிலுள்ள வில்ட்ஸ் என்ற ஊர். நகரசபை ஊழியர்களான மிஷெல் வொர்ரே, நிக்கோலா முல்லர் இருவரும் முன்னின்றார்கள். 'ஐடியல்' தோல் ஆலைத் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். கடைகள் மூடின. செய்தி தெற்கே பறந்தது. ஷிப்லாஞ்ச் உருக்காலையில் சங்கு ஊதிற்று. ஷிப்டு மாறும் சங்கு அல்ல. வேலையை நிறுத்தச் சொல்லும் சங்கு! டிபர்டாஞ்ச் உருக்காலையிலும் தொழிலாளிகள் வரவில்லை. தபால் ஊழியர் கடிதம் கொடுக்கவில்லை. ஆசிரியர்கள் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். விவசாயிகள் பாலைப் பண்ணைக்கு அனுப்பவில்லை. ஏதோ ஒரு கட்சியின் உத்தரவில் நடந்தது என்று சொன்னால் அது பொய். தொழிலாளியும் விவசாயியும் வாத்தியாரும் ஊர் ஊராகச் சேர்ந்து செய்தது இது.

ஸீமோன் நெருக்கடி நிலை அறிவித்து, உடனடி ராணுவ நீதிமன்றம் வைத்தான். வக்கீலும் இல்லை, அப்பீலும் இல்லை. வொர்ரே, முல்லர் உட்பட 20 பேரை ஹின்ஸெர்ட் வதைமுகாமுக்கு அருகே காட்டில் சுட்டுக்கொன்றார்கள். அவர்கள் பெயரைச் சிவப்புத் தாளில் அச்சடித்து ஊரெங்கும் சுவரில் ஒட்டினார்கள். ஜனங்கள் பயப்பட வேண்டுமாம்!

இருபத்தொன்றாவது ஆள்தான் ஷிப்லாஞ்சில் சங்கு ஊதியவர். அவர் பெயர் ஹான்ஸ் ஆடம். தோழர்களே, அவர் லக்ஸம்பர்க்காரர் அல்ல. ஜெர்மன்காரர்! பிழைக்க வந்து அந்த ஆலையில் வேலை பார்த்தவர். லக்ஸம்பர்க் பிள்ளைகளைப் பட்டாளத்தில் சேர்ப்பதற்கு அவர் ஏன் தலையைக் கொடுக்கவேண்டும்? பேசாமல் இருந்திருந்தால் நாஜிகள் அவரைத் 'தம் இனம்' என்று தோளில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். அவர் சங்கின் கயிற்றை இழுத்தார். சொந்த நாட்டுத் துரோகி என்று கூறி, செப்டம்பர் 11ந் தேதி கொலோன் நகரச் சிறையில் அவர் தலையைத் துண்டித்தார்கள்.

வேலைநிறுத்தம் ஆள்பிடிப்பை நிறுத்தியதா? நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 10,000 பேருக்கு மேல் இழுத்துச் செல்லப்பட்டார்கள். சுமார் 2,800 பேர் திரும்பவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஓடி ஒளிந்தார்கள். எங்கே ஒளிந்தார்கள்? தெற்கே கைவிட்ட இரும்புச் சுரங்கத்துக்குள். வடக்கே விவசாயியின் வைக்கோல் பட்டறையில். ஒளித்து வைத்தவன் குடும்பத்தையே நாடு கடத்துவார்கள் என்று தெரிந்தும், தன் ரேஷன் ரொட்டியில் பாதியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் கதைகளைச் சொல்ல ஒரு வகுப்பு போதாது.

1944 செப்டம்பரில் நாஜிகள் விரட்டப்பட்டார்கள். டிசம்பரில் திரும்பி வந்து எஸ்லிங் பகுதியையே இடிபாடாக்கினார்கள், வில்ட்ஸும் தப்பவில்லை. 1945 பிப்ரவரியில்தான் கடைசி ஊர் விடுதலை பெற்றது.

1956ல் வில்ட்ஸில் வேலைநிறுத்தத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள், கலங்கரை விளக்கம் போன்ற வடிவில். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. ஷிப்லாஞ்ச் உருக்காலை 2011 கடைசியில் நின்றுவிட்டது. ஹான்ஸ் ஆடம் ஊதிய சங்கின் கதையை மட்டும் அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.