தலைமை என்பது பணிவிடையே

(பங்கின் பொன்விழாவையொட்டி, புனித வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கொடிமரத்துக்கு வர்ணம், கோபுரத்துக்கு விளக்கு, மலருக்குப் புகைப்படம் என்று நம் கவனம் ஓடுகிறது. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் யூபிலி என்ற சொல் நமக்கு லேவியர் நூலிலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கியது. அடிமை விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் போனான். கைமாறிய நிலம் பழைய உடைமையாளரிடம் திரும்பியது. நிலம் ஆண்டவருடையது, மனிதன் அதில் தங்கிப் போகிறவன் என்பதே அதன் பொருள். நிலத்துக்குச் சொன்ன இந்த நியாயம் பதவிக்கும் பொருந்தும். அதிலும் ஏழைகளுக்காக ஏற்பட்ட ஒரு சபையின் பதவிக்கு அது முழுமையாகப் பொருந்தும். இவ்வாண்டு நம் கிளைச்சபைக்குப் புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க இருப்பதால், இதைப் பற்றியே நாம் சற்றுச் சிந்திப்போம்.

ஆண்டவரின் கடைசி இராவுணவின்போது, தங்களுள் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் சீடரிடையே எழுந்ததாக லூக்கா எழுதுகிறார். அதே இரவில் ஆண்டவர் மேலாடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவியதை யோவான் எழுதுகிறார். வாதத்துக்கு அவர் தந்த தீர்ப்பு அதுவே. பெரிய வியாழனன்று குருக்களாகிய நாமும் பன்னிருவரின் கால்களைக் கழுவுகிறோம். ஆனால் அவை வீட்டிலேயே நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டு வந்த கால்கள்! ஆண்டவர் கழுவியது தெருப்புழுதி படிந்த கால்களை. சடங்கு எளிது, புழுதியைத் தொடுவதுதான் கடினம்.

நம் சபை பிறந்த கதையே இதற்கு நல்ல விளக்கம். 1832இல் பாரீஸ் நகரைக் காலரா நோய் சூறையாடியது. அதற்கடுத்த ஆண்டு, அந்நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் ஒரு விவாதச் சங்கத்தில் திருச்சபையின் பெருமைகளை எடுத்துரைத்து வந்தார்கள். எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், உங்கள் திருச்சபை பழங்காலத்தில் நன்மை செய்ததை ஒப்புக்கொள்கிறோம், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வி அவர்களை எழுப்பிவிட்டது. 1833 ஏப்ரல் 23ஆம் நாள், ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆறு மாணவர்களும், அப்பத்திரிகையை நடத்திய எம்மானுவேல் பாயி என்பவரும் கூடினார்கள். அன்று ஓசானாமுக்குச் சரியாக இருபது வயது நிறைந்தது.

எப்படி உதவுவது என்று அந்தப் படித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மூப்தார் என்ற சேரிப் பகுதியில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரி ரோசலியிடம் போய்க் கேட்டார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், ஏழைகளிடம் எப்படிப் பழக வேண்டும் என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். சட்டம் கற்ற இளைஞர்கள், சேரியை அறிந்த ஒரு கன்னியரிடம் மாணவரானார்கள். தலைமைக்குத் தேவையான முதல் பாடம் இதுதான்: கற்றுக்கொள்ளும் மனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலகமே ஓசானாமைத் தான் சபையின் முக்கிய நிறுவனர் என்கிறது. ஆனால் சபையின் பொதுத் தலைவர் பதவியில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. முதல் தலைவர் பாயி. 1844இல் அவர் விலகியபோது ஜூல் கொசேன் தலைவரானார். ஓசானாம் துணைத் தலைவராக இருந்தார். 1848இல் தலைமை ஏற்ற அடோல்ப் போதோன் ஓசானாமை விட ஆறு வயது இளையவர். ஓசானாம் அப்போது சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பேர்பெற்ற அறிஞர். நான் தொடங்கிய சபை, என் நாற்காலி எங்கே என்று அவர் கேட்கவில்லை. இளையவரின் தலைமையில் தம் பணியைத் தொடர்ந்தார்.

1834ஆம் ஆண்டின் இறுதியில் உறுப்பினர்கள் நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். கூட்டம் பெருத்தால் பணி சிறுக்கும் என்று கண்ட ஓசானாம், சபையைப் பிரித்துப் பல இடங்களில் அமைக்க வேண்டும் என்றார். நண்பர்கள் பிரிய மனமின்றிக் கண்ணீரோடு எதிர்த்தார்கள். ஆயினும் 1835இல் சபை பிரிந்தது; பிரிந்ததனால்தான் வளர்ந்தது. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் அது பணிபுரிகிறது. நாற்பது வயதிலேயே, 1853இல், ஓசானாம் இறந்தார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

நம் சபையின் வழக்கங்களிலும் இந்தப் பணிவு பொதிந்திருக்கிறது. கூட்டத்தில் இரகசியப் பை சுற்றி வருகிறது. நூறு ரூபாய் போட்டவர் யார், ஒரு ரூபாய் போட்டவர் யார் என்று எவருக்கும் தெரியாது. இருவர் இருவராக வீடு சந்திக்கிறோம். தனியொருவர் கொடுத்தார் என்ற பெயர் வராது. இங்கே பங்குக் குருவும் தலைவர் அல்லர், ஆன்மீக ஆலோசகர் மட்டுமே. குருக்களாகிய நமக்கு இது நல்ல பயிற்சி! வேறெங்கும் நாம் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். இங்கே வாய்மூடிக் கேட்கக் கற்கிறோம்.

பிரியமானவர்களே, நம் முன் இருக்கும் ஒரு காரியத்துக்கு வருவோம். பொன்விழா மேடையில் ஐம்பது ஏழைத் தாய்மாருக்குச் சேலை வழங்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நோக்கம் நல்லது, தர முன்வந்தவர்களின் மனமும் பெரியது. ஆனால் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஊரார் முன்னே மேடையேறி, புகைப்படக்காரர் சொல்லும்வரை சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிற அந்தத் தாய் யார்? ஞாயிறுதோறும் நம் பக்கத்தில் முழந்தாளிட்டுத் திருப்பலி காண்கிறவர். நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர். அவருடைய மகன் மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கேட்பான்? சேலை ஓராண்டில் கிழிந்துவிடும். அந்தப் பெயர் கிழியாது. வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்று போதித்த ஆண்டவர், ஒலிபெருக்கியில் அறிவித்துச் செய்வதை எப்படி ஏற்பார்?

ஆகவே நாம் இப்படிச் செய்வோம். விழாவுக்கு முந்திய வாரத்தில், இருவர் இருவராக, வீடு தேடிப் போவோம். வாசலிலே நின்று நீட்டிவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் அவர்கள் விரிக்கும் பாயில் உட்காருவோம். கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிப்போம். பிள்ளைகளின் படிப்பை, பெரியவர்களின் நோயை விசாரிப்போம். விழாவுக்கு வாருங்கள் என்று அழைப்போம். அந்தத் தாய் விழாவன்று புதுச் சேலையில் எல்லாரையும் போல வந்து அமரட்டும். அது யார் கொடுத்தது என்று அவருக்கும் கடவுளுக்கும் தெரிந்தால் போதும். விழா மலரில் அந்தப் படம் வேண்டாம்.

பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே அளவுகோலாக வைப்போம். நன்றாகப் பேசுகிறவர் யார், வசதியுள்ளவர் யார் என்று பாராமல், மழை பெய்த இரவில் ஒழுகும் கூரையைப் பார்க்கப் போனவர் யார், எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லக்கூடியவர் யார் என்று பார்ப்போம். தேர்ந்தெடுக்கப்படுகிறவர் காலம் முடிந்ததும் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் சிரித்த முகத்தோடு அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, மறு வாரமே சாதாரண உறுப்பினராக வீடு சந்திக்கப் புறப்படட்டும். அதுவே நம் சபை கொண்டாடும் உண்மையான யூபிலி.

இடுப்பில் துண்டு கட்டிய நம் ஆண்டவர், நம் கைகளையும் கால்களையும் தம் பணிக்கு ஆசீர்வதிப்பாராக. ஆமென்.