கடற்கரைப் பக்கத்து வெறும் வளவுகள்



கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காணிக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கே வயல், கிழக்கே கடல்; இடையில் மதிலோடு மதில் முட்டும் வீடுகள். ஆனாலும் கடலை அண்டிய வளவுகள் சில இன்னும் சும்மா கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பிறகு கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசு சொன்னது. பின்னர் அதைத் தளர்த்தியும், எல்லோருக்கும் திரும்பிவர மனம் வரவில்லை. மிஞ்சிய அத்திவாரங்களில் இப்போது குப்பை சேர்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமிலும் இப்படி வெறும் வளவுகள் கிடந்தன. 1947இல் அல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சதுக்கத்தில் மணல் குழியும் சில கம்பிகளும் வைத்து விளையாட்டிடம் அமைத்தார். அதைக் கண்ட அயல் தெருக்காரர்கள், எங்களுக்கும் வேண்டும் என்று நகரசபைக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கு மேல் உருவாயின. பெரும்பாலானவற்றுக்கு வேலியே இல்லை.

நமக்குப் பூங்கா என்றால் முதலில் வளைவு, பிறகு பெயர்க்கல், திறப்பு விழா. கடைசியில் கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் சீமெந்து இருக்கைகள். அஸருக்குப் பின் பிள்ளைகளோடு வரும் பெண்களோ வட்டமாக இருந்து கதைப்பவர்கள். பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும், வீதியில் போகிறவர் கண்ணில் தாங்கள் படக் கூடாது. மஃரிபுக்கு வீடு திரும்பும் வழியில் வெளிச்சமும் வேண்டும். அதே இடத்தில் மீனவருக்கு வலை காயப்போட வேண்டும், இளைஞருக்குக் கிரிக்கெட். எல்லாம் ஒரே வளவில் ஒத்துவராது.

அதனால்தான் சிறிதாகத் தொடங்கச் சொல்கிறேன். குப்பையை அள்ளி, இரண்டு பூவரசு நட்டு, ஒரு விளக்குப் போட்டு, நகர்த்தக்கூடிய வாங்குகள் சிலவற்றைக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். மக்கள் எங்கே இழுத்துப் போடுகிறார்களோ, அங்கேயே பிறகு நிரந்தரமாகக் கட்டலாம். ஆனால் அந்த அத்திவாரத்துக்கு உறுதி வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அங்கே உறவுகளைப் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். முதல் சம்மதம் அவருடையது.

பிறகு ஊரைக் கேட்க வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பின் கூட்டம் வைத்தால் ஆண்களின் விருப்பம்தான் தெரியும். மாநகர சபை, பின்னேரங்களில் ஒரு பெண் உத்தியோகத்தரை வளவைச் சுற்றியுள்ள ஒழுங்கை வாசல்களுக்கு அனுப்பட்டும்.