பதங்கமாகும் மையும் அதற்கேற்ற அச்சுப்பொறியும்

பெட்டியிலே துணிகளுக்கிடையில் வைத்த கர்ப்பூரக் கட்டி நாளடைவில் தேய்ந்து மறைந்துவிடுவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். துணி நனைவதில்லை. திண்மமாயிருந்த பொருள் திரவமாகாமலே ஆவியாகிவிடுகின்றது. இதனைப் பதங்கமாதல் என்பர் விஞ்ஞானிகள்.

ஒருவகைச் சாயங்களுக்கும் இவ்வியல்பு உண்டு. அச்சாயம் கலந்த மையினாற் கடதாசியிற் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, அதனைத் துணிமேற் கவிழ்த்து, ஏறக்குறைய 200 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் ஒரு நிமிட அளவு அழுத்தினால், சாயம் ஆவியாகிப் பொலியெஸ்டர் இழைகளுக்குள்ளே புகுந்து தங்கிவிடும். பருத்தி இதனை ஏற்பதில்லை. கோப்பையானால், இதற்கென்றே பூச்சுப் பூசிய கோப்பை வேண்டும். வெள்ளை மை இம்முறையில் இல்லையாதலால், அச்சேறும் பொருளும் வெள்ளையாகவோ வெளிறிய நிறமாகவோ இருத்தல் அவசியம்.

இதனைச் சிறு கைத்தொழிலாகத் தொடங்க எண்ணும் ஒருவர், கையிலுள்ள பணத்திற் பெரும்பகுதியை ஒரு மேசை அச்சுப்பொறியில் இடுகின்றார் என்று கொள்க. விலை மலிவென்று பொருந்தாத பொறியை வாங்கிவிட்டால், முதற் படம் வருமுன்னரே அவருடைய முதல் முடங்கிவிடும். ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இப்பொறி மையை எவ்வாறு துளிக்கின்றது?

மைத்துளி அச்சுப்பொறிகள் இருவகை. கனன், எச்.பி. பொறிகள் பெரும்பாலும் வெப்பத்தால் இயங்குவன. நுண்ணிய துளையொன்றில் மை கணப்பொழுது சூடாகிக் குமிழியாகி, முன்னுள்ள துளியைத் தள்ளுகின்றது. வெப்பத்தினால் ஆவியாகவே பிறந்த சாயத்தை வெப்பத்தாலே தள்ளுவது பொருந்தாத காரியம். எப்சன் பொறிகளிலோ, மின்னழுத்தம் பட்டதும் வளைகின்ற பளிங்குத் தகடு ஒன்று மையைப் பிதுக்கி விடுகின்றது. அங்கே மை சூடேறுவதில்லை. இத்தொழிலிலுள்ளோர் இவ்வகையையே நாடுவதன் காரணம் இதுதான்.

இனி, இரு வழிகள் உண்டு. எப்சன் எஃப் 170, சோகிராஸ் எஸ்ஜி 500 போன்றவை இத்தொழிலுக்கென்றே செய்யப்பட்டவை. விலை கூடியவையாயினும், மையும் நிறத்திட்டமும் உத்தரவாதமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். மற்றைய வழி, மைத்தொட்டி கொண்ட சாதாரண எப்சன் பொறியொன்றை வாங்கிப் பதங்கமாகும் மையை ஊற்றுவது. செலவு மிகக் குறைவு. ஆனால் உத்தரவாதம் போய்விடக்கூடும். பொறியும் புதியதாயிருத்தல் நன்று. சாதாரண மை ஒருமுறை குழாய்களில் ஓடிவிட்டால், அதனை முற்றாகக் கழுவி நீக்குவது பெரும் தொல்லை. பழைய பொறியை மலிவாக வாங்குவோர் பெரும்பாலும் மறந்துபோவது இதனையே.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்பைக்கு ஏ4 போதும். பெரியவர்களின் மேற்சட்டையில் மார்பு நிறையப் படம் வேண்டுமாயின் ஏ3 வேண்டும். கடதாசி பின்புறமாக நுழைந்து அதிகம் வளையாமற் செல்லும் பொறி விரும்பத்தக்கது. தடித்த கடதாசி அதிற் சிக்குவது குறைவு.

கழிவு மையைப் பற்றியும் கடைக்காரரிடம் கேட்டல் வேண்டும். துளைகளைச் சுத்தஞ்செய்யும்போது வெளியேறும் மை ஒரு பஞ்சுத் திண்டிற் சேருகின்றது. சில பொறிகளில் இதனை உரியவரே கழற்றி மாற்றலாம். சிலவற்றில் அது நிறைந்ததும் பொறி வேலை செய்ய மறுத்துத் திருத்துநரிடம் போகவேண்டியதாகும்.

கடதாசியில் நிறங்கள் மங்கித் தோன்றுவதைக் கண்டு புதியவர் பலர் மையைக் குறைகூறுவர். அழுத்திய பின்னரே நிறம் மலரும். மைக்கும் கடதாசிக்கும் உரிய நிறத்திட்டத்தைக் கணினியில் இடாவிட்டால், கறுப்புப் பச்சையாகவோ கபிலமாகவோ மாறுவதும் உண்டு.

கடைசியாக, ஓர் எச்சரிக்கை. இம்மை ஓய்ந்திருந்தால் துளைகளிற் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வேலை இல்லாத வாரத்திலும் இரண்டு மூன்று முறை, எல்லா நிறங்களும் ஓடும்படி ஒரு சிறு பரிசோதனைத் தாளை அச்சிடல் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வேலை வருமென்று எதிர்பார்ப்பவர், பொறியை வாங்காது, அச்சிட்ட கடதாசியைப் பிறரிடம் பெற்றுத் தாமே துணியில் அழுத்திக்கொள்வது இலாபம்.