பழைய வேலையைப் பதிவேட்டில் ஏற்றுதல்

எங்கள் வார இறுதிக் கணினி வகுப்பில் மூன்று மாணவர்கள் சேர்ந்து ஒரு செயலி எழுதினார்கள். செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையைப் போட்டால் அந்த மாதக் கூலி எவ்வளவு வரவேண்டும் என்று அது காட்டும். தாய் ஒருவர் தம் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சம்பளத் துண்டில் இருந்ததைவிட 38 வெள்ளி கூடுதலாக வந்தது. அலுவலகத்தில் கேட்கலாம் என்று புறப்பட்டவர், உறுதி செய்துகொள்ள மறுவாரம் அதே கணக்கை மீண்டும் போட்டார். 38 வெள்ளி மறைந்துவிட்டது! "எது ஐயா சரி?" என்று எங்களைக் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

காரணம் இதுதான். கணினியில் நான்கு கோப்புறைகள் இருந்தன. 'கூலி', 'கூலி புதியது', 'கூலி கடைசி', 'கூலி உண்மையான கடைசி'. எதில் யார் எதை மாற்றினார் என்பதற்குக் குறிப்பே இல்லை.

செக்ரோலில் கிராணி ஒரு எண்ணைத் திருத்தினால் அழிப்பதில்லை. கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுவார். கணினி நிரலுக்கும் அத்தகைய பதிவேடு உண்டு. இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது 'கிட்' என்பது. யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று அது குறித்து வைக்கும். விலையும் கிடையாது. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு இது எளிது. ஏற்கெனவே வளர்ந்து கிடக்கும் வேலையை எப்படி உள்ளே கொண்டு வருவது? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

கிட் பிறந்ததே இப்படியொரு நெருக்கடியில்தான். பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற பதிவேட்டில் இருந்தது. 2005-இல் அதன் இலவச அனுமதி நின்று போயிற்று. டோர்வால்ட்ஸ் சில நாள்களில் கிட்டைத் தாமே எழுதி, ஏப்ரல் 16-ஆம் நாள் லினக்ஸை அதில் ஏற்றினார். சுமார் 17,000 கோப்புகள். பழைய வரலாற்றை மட்டும் ஏற்றவில்லை. அது 3.2 ஜிகாபைட் வரும், தொடக்கத்திலேயே சுமையாகிவிடும், வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம் என்று முதல் பதிவிலேயே காரணத்தை எழுதி வைத்தார். பழைய வரலாறு பின்னர் தனிப் பதிவேடாக உருவாயிற்று. அதைப் புதியதோடு இணைக்கவும் வழி இருந்தது. அந்த வழிக்குக் கிட்டில் வைத்த பெயர் 'கிராஃப்ட்', அதாவது ஒட்டு. நம் பால்மர நாற்றங்காலில் மொட்டு ஒட்டியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இப்போது அந்த வேலையை 'ரீப்ளேஸ்' என்ற கட்டளை செய்கிறது.

எங்களுக்கோ பழைய வரலாறுதான் தேவை. ஆகவே வேறு வழியில் போனோம்.

முதலில் நான்கு கோப்புறைகளையும் அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, தொடாமல் வைத்தோம். பிறகு அவற்றைக் கால வரிசைப்படுத்தினோம். இதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. புலனம் வழி வந்த கோப்புகளில் தேதி மாறியிருந்தது. மாணவர்களை உட்கார வைத்து, எந்தத் திருத்தம் முதலில், எது அடுத்து என்று கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

அடுத்தது களையெடுப்பு. கணினி தானே உண்டாக்கும் கோப்புகள் பதிவேட்டுக்குத் தேவையில்லை. அவற்றின் பெயர்களைக் 'கிட்இக்னோர்' என்ற கோப்பில் எழுதிவிட்டால் கிட் அவற்றைச் சேர்க்காது. இரண்டாவது கோப்புறையில் ஒரு கடவுச்சொல் கிடந்தது. நல்ல வேளையாக முன்பே கண்டோம். ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

பிறகு வேலை சுலபம். ஒரு வெறுங்கோப்புறையில் 'கிட் இனிட்' என்றால் பதிவேடு திறக்கும். மிகப் பழைய கோப்புகளை அதில் போட்டு, 'கிட் ஆட்' என்று சேர்த்து, 'கிட் கமிட்' என்று பதிய வேண்டும். பதியும்போது இது எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது, யார் எழுதியது என்று ஒரு வரி எழுதினோம். பின்பு அந்தக் கோப்புகளை எடுத்துவிட்டு, இரண்டாவது கோப்புறையில் உள்ளவற்றை வைத்து மீண்டும் பதிந்தோம். இப்படியே நான்கும். கோப்புகளை எடுக்கும்போது, கிட் தனக்கென மறைவாக வைத்திருக்கும் 'டாட் கிட்' கோப்புறையை மட்டும் தொடக்கூடாது. அதுதான் பதிவேடு.

கடைசியாக 'கிட் டிஃப்' என்று மூன்றாம் பதிவையும் நான்காம் பதிவையும் ஒப்பிட்டோம். மாறிய வரிகள் திரையில் வந்தன. பழுக்காத குலைக்கான தண்டத் தொகையை நான்காவதில் இரண்டு முறை கழித்திருந்தார்கள். திருத்தியவன் பதினாறு வயதுப் பையன், தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் ஏசவில்லை. பிழையைச் சரிசெய்து ஐந்தாவது பதிவாக அவனையே பதியச் சொன்னோம்.

அந்தத் தாய் முதலில் பார்த்த கணக்கே சரி. அதை அச்சிட்டு அவரிடம் கொடுத்தோம். மறுநாள் காலை அவர் சம்பளத் துண்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கிராணி இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தார். விடுபட்ட 38 வெள்ளி அடுத்த மாதச் சம்பளத்தில் வந்து சேர்ந்தது.